முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு காபி

அத்தியாயம் 6

"கையைக் காட்டுங்க," என்றார் உரைகல்.

விலங்கு மாட்டிய கை போலீஸ் ஸ்டேஷன் மேசைக்கு மேலே வந்தது. வலது மணிக்கட்டுக்குக் கீழே தோல் சிவந்து, நடுவில் ஒரு கொப்புளம் பளபளவென்று நின்றது. புதுக் காயம். காலையில் பட்டது.

"இது எப்படி வந்துச்சு? ஒரு தடவை சொல்லிட்டீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. பொய்யா இருந்தா ரெண்டாவது தடவை கொஞ்சம் அழகாயிரும்."

"பிளைட்ல காபி கொட்டிருச்சு சார்." மாமனாரை அடித்ததாகப் பிடித்துவைத்திருந்த மருமகனின் குரல் வறண்டிருந்தது. "மேகத்துக்குள்ள போட்டுத் தூக்கி அடிச்சது. காபி கையில கொட்டிருச்சு. அவ்வளவுதான்."

அழகாகவில்லை. அதே காபி, அதே மேகம். உரைகல் இதை மனதில் ஒரு ஓரமாகப் போட்டுவைத்தார். நம்பிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. அவர் தன் வீட்டுக் கடிகாரத்தையே பக்கத்து வீட்டுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, முப்பது வருஷம் பூட்டு ரிப்பேர் பார்த்தவர். பூட்டைத் திறந்தது யாராக இருக்கும் என்று கேட்டு வந்தவர்களால் துப்பறியும் ஆளாக ஆனவர். எதைக் கொடுத்தாலும் உரசிப் பார்க்காமல் வாங்கமாட்டார் என்பதால் ஊர் வைத்த பெயர் உரைகல்.

பக்கத்தில் நின்ற பெண்மணிக்குப் பெயர் விசில். பதினான்கு வருஷம் பஸ் கண்டக்டர். வேலையை விட்டாலும் வாய் விசிலை விடவில்லை. உரைகல்லின் காரை ஓட்டுவதும் அவள்தான், அவருடைய பொறுமையைச் சோதிப்பதும் அவள்தான்.

"மேகத்துக்குச் சாட்சி யாரு அண்ணே? இடியும் மின்னலுமா?" என்றாள் விசில்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மருமகனின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடைய அப்பா மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். அடித்தது அவளுடைய புருஷன் என்கிறது போலீஸ். இல்லை என்று நிரூபிக்கத்தான் அவள் உரைகல்லைத் தேடி வந்திருந்தாள். துணைக்கு வந்தவர் அவளுடைய அண்ணன். நல்ல உயரம், தங்கையின் தோளை விட்டுக் கையை எடுக்காத அண்ணன்.

"எல்லாம் தெளிவா இருக்கு பெரியவரே," என்றார் இன்ஸ்பெக்டர். "இவர் மாமனார் தன்னோட பம்பு பட்டறையை இனிமே மருமகன் பார்த்துக்கட்டும்னு கூப்பிட்டிருக்கார். இவர் கடற்கரை ஏர்போர்ட்ல ஒன்பது மணிக்குப் பிளைட் ஏறினார். இங்க மலை ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம்?" கைப்பேசியை எடுத்து நீட்டினார். "பாருங்க. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நூத்தி அறுபது கிலோமீட்டர். பறக்கிற நேரம் முப்பத்தஞ்சு நிமிஷம். ரோட்ல போனா மலையைச் சுத்தி அஞ்சு மணி நேரம். வானத்துல முப்பத்தஞ்சு நிமிஷம். ஒன்பதே முக்காலுக்கு, இதோ நிக்கிற மச்சான் இவரை ஏர்போர்ட்ல கூட்டிக்கிட்டார். பத்து மணிக்கு முன்னாடி பட்டறை வாசல்ல இறக்கிவிட்டார். பத்து மணிக்கு எதிர் லேத் பட்டறைக்காரன் சண்டைச் சத்தம் கேட்டான். உள்ளே மாமனார் விழுந்து கிடக்கார், பக்கத்துல கரண்ட் கெட்டில் கவுந்து வெந்நீர் கொட்டிக் கிடக்கு. இவர் கையில வெந்த புண். இன்னும் என்ன வேணும்?"

"நான் இறங்கும்போதே பத்து மணி தாண்டிருச்சு," என்றான் மருமகன். "பிளைட் இறங்காம சுத்திக்கிட்டே இருந்தது. வெளியே வந்தா மச்சானும் இல்லை, டாக்சியும் இல்லை. ஒரு சிமெண்ட் லாரியில தொத்திக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா மாமா கீழே கிடந்தார். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணதே நான்தான்."

"லாரி நம்பர்?"

"பார்க்கலை."

"காலையில ஊர்ல வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்தது. நானே பார்த்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னொன்னு. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். இறங்கின நேரத்தை ஏர்போர்ட்லதான் கேக்கணும்னுட்டாங்க, ஆனா காபி விஷயம் தெளிவா சொன்னாங்க. அந்த ரூட்ல சூடா எதுவும் கொடுக்கிறதே இல்லையாம். மேல போனதும் கீழ இறங்கணும். பெல்ட்டைக் கழட்டவே நேரம் கிடையாது. ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில். காபியாம் காபி!"

அண்ணன் பெருமூச்சு விட்டார். "மாப்பிள்ளைக்கு எதிரா சாட்சி சொல்ல எனக்கு வாய் வருமா சார்? ஆனா நானே கூட்டிட்டு வந்து இறக்கிட்டு, இல்லைன்னு எப்படிச் சொல்றது? பாப்பா முகத்தைப் பார்க்கவே முடியலை."

உரைகல் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தஞ்சு நிமிஷம்னு இது சொல்லுது. இது பறந்துச்சா?"

"இது கணக்கு, பெரியவரே. தூரம், வேகம், நேரம்."

"கணக்கு சரியாத்தான் இருக்கும். கணக்குப்படி என் பேரனுக்கு இந்நேரம் கல்யாணம் ஆயிருக்கணும்." எழுந்தார். "எப்ப நீதிபதிகிட்ட கொண்டு போறீங்க?"

"ஆஸ்பத்திரியில இவர் புண்ணைக் காட்டி சர்டிபிகேட் வாங்கணும். ஆறு மணிக்கு நீதிபதி வீடு. அப்புறம் ஜெயில்."

மனைவி வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "ஐயா, அவர் கோபக்காரர்தான். நான் மறைக்கலை. ஆனா எங்கப்பாவைத் தொடமாட்டார்."

"அதை நீ சொல்லாதே தாயி. புருஷனைப் பத்திப் பொண்டாட்டி சொல்றதை நான் கணக்குல எடுத்துக்கிறதில்லை. நல்லதைச் சொன்னாலும் சரி, கெட்டதைச் சொன்னாலும் சரி."

அவள் முகம் சுருங்கியது. அவர் சமாதானம் சொல்லவில்லை. சமாதானம் சொல்லிச் சம்பாதிக்கும் ஆள் அவர் இல்லை.

*

மலைப்பாதை வளைவு வளைவாக ஏறியது. விசில் ஸ்டியரிங்கை பஸ் ஓட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, ஏர்போர்ட்டுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுபோற விஷயம்."

"மூணு தடவை போட்டாச்சு. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு ஒரே பிளைட்டு. வந்தது திரும்பிப் போனா அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருவான்."

"நல்ல வேலை. அடுத்த பிறவியில நான் ஏர்போர்ட் ஆபீசர்." ஒரு வளைவைக் கடந்தாள். "ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆளு பொய் சொல்றவனா இருந்தா, 'கெட்டில்ல டீ போட்டேன், கொட்டிருச்சு'ன்னு சொல்லிட்டுப் போகலாமே? எதுக்கு ஆகாயத்துல போய் காபி குடிக்கணும்?"

"அதனாலதான் ஏறிக்கிட்டு இருக்கோம். பொய் சொல்றவன் கையில கிடைச்சதை எடுத்துச் சொல்லுவான். இவன் கிடைக்காததைச் சொல்றான். ஒண்ணு இவன் முட்டாள், இல்லைன்னா காபி நிஜம்."

"முட்டாளாவும் இருந்து காபியும் நிஜமா இருந்தா?"

"ரோட்டைப் பாரு."

ஒரு வளைவு திரும்பியதும் வெயில் போய்விட்டது. சாம்பல் நிறப் பஞ்சு கண்ணாடியில் வந்து ஒட்டியது. விசில் விளக்கைப் போட்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் கீழே ஊர் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. இங்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

உரைகல் கையிடுக்கில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏதோ ஒன்று தட்டுப்பட்டால் அவர் செய்கிற காரியம் அது.

விமான நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கட்டடம், ஓர் ஓடுபாதை, சுற்றிலும் கம்பிவேலி. கதவு பூட்டியிருந்தது. காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"காலையில வந்த பிளைட்டு எப்ப இறங்குச்சு?"

"தெரியாதுங்க. நான் மத்தியானம்தான் வந்தேன். காலை ஆளு கீழே போயாச்சு. நாளைக்கு வாங்க."

"பிளைட்டுல காபி கொடுப்பாங்களா?"

காவலாளிக்கு இது நாளின் முதல் வேடிக்கை. "இந்தப் பிளைட்டுலயா? எங்க மாமியாரையே ஏத்தி அனுப்பியிருக்கேன். தண்ணி பாட்டிலைத் திறக்கிறதுக்குள்ள இறங்கிருச்சாம். காபி ஆத்தறதுக்கு எங்கே நேரம்?"

விசில் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, போச்சு. கம்பெனியும் இல்லைங்குது, மாமியாரும் இல்லைங்கறாங்க. இதுக்கு மேல அப்பீல் கிடையாது."

உரைகல் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தேகால். கீழே போகக் கால் மணி நேரம். அந்தப் பெண்ணிடம் போய், உன் புருஷன் பொய்யன்தான் என்று சொல்ல வேண்டும். அவர் வேலி ஓரமாக நடந்தார். நடந்தால்தான் அவருக்குத் தலை வேலை செய்யும்.

இருபதடி போனதும் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விசிலு, இங்க வா. அது என்ன?"

"எண்ணெய் டேங்கர். பிளைட்டுக்குப் பெட்ரோல் ஊத்தற லாரி. ஒரு காலத்துல மஞ்சளா இருந்திருக்கும்."

"காவல்காரரே! இந்த லாரி தினம் ஓடுமா?"

"அதுவா?" காவலாளி நகவெட்டியோடு வந்தார். "அது சிலை மாதிரிங்க. பிளைட்டு கீழே இருந்து வரும்போதே திரும்பிப் போறதுக்கும் சேர்த்து எண்ணெய் ரொப்பிக்கிட்டு வந்துரும். இங்க ஊத்தறதே இல்லை. நான் வந்து எட்டு மாசம் ஆச்சு, அது அசைஞ்சு பார்த்ததில்லை. டிரைவர் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறார், கொடுத்து வைச்ச மனுஷன்."

"சிலை எழுந்து நடந்திருக்கு," என்றார் உரைகல்.

விசில் கம்பியில் மூக்கை அழுத்தினாள். லாரியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். ஆனால் லாரிக்கு அடியிலும் புல் நின்றது, பச்சையாக, மடங்கி. லாரிக்கு இரண்டடி இடப்பக்கம், லாரி அளவுக்கே ஒரு நீளச் சதுரம், வெயில் படாமல் வெளிறி மொட்டையாகக் கிடந்தது. நான்கு சக்கரம் புதைந்த நான்கு பள்ளம். அங்கிருந்து ஓடுபாதை வரைக்கும் புல் இரண்டு கோடாக நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் இன்னும் ஈரப் பச்சை.

"போனவன் வந்து பழைய இடத்துல நிறுத்தத் தெரியாம பக்கத்துல நிறுத்தியிருக்கான்," என்றார் உரைகல். "இன்னைக்குக் காலையில. நேத்து நசுங்கின புல்லா இருந்தா இந்நேரம் பழுத்திருக்கும்."

"சரி, ஓடியிருக்கு. அதுக்கென்ன?"

"திரும்பிப் போறதுக்கும் சேர்த்து எண்ணெய் கொண்டு வர்ற பிளைட்டு இன்னைக்கு மட்டும் ஏன் இங்க கை ஏந்துச்சு? கொண்டு வந்த எண்ணெயை எங்க குடிச்சு முடிச்சுது?"

விசில் மெதுவாக விரலைத் தூக்கி, தலைக்கு மேலே அந்தச் சாம்பல் பஞ்சுக்குள் ஒரு வட்டம் போட்டாள்.

"டிரைவர் வீடு எங்கே?" என்றார் உரைகல்.

*

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு வேலை செய்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஆமாம்யா, நான்தான் ஊத்தினேன். பேட்டரி செத்துப்போச்சு, மூணு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணினோம். யாரு கேக்கறது? ஆபீசா?"

"ஆபீஸ் இல்லை. பிளைட்டு எப்ப இறங்குச்சு?"

"அதைக் கேளுங்க! மேல சத்தம் மட்டும் கேக்குது, ஆளைக் காணோம். சுத்துது, சுத்துது. மேகம் விலகினாத்தானே இறங்க முடியும்? காத்துக்கிட்டு இருந்த டாக்சிக்காரன் எல்லாம், பைலட்டு திருப்பிக் கொண்டு போயிட்டான்னு நினைச்சுக் கிளம்பிட்டான். இறங்கும்போது பத்தேகால்."

"சரியாத் தெரியுமா?"

"பத்து மணிக்கு மாத்திரை போடுவேன். போட்டுட்டுக் கால் மணி கழிச்சுத்தான் சாப்பிடணும். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறேன், சக்கரம் தரையில தட்டற சத்தம் கேக்குது."

உரைகல் விசிலைப் பார்க்கவில்லை. "உள்ளே காபி கொடுத்தாங்களா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர். யோசித்தார். "ஆனா ஒண்ணு. பிளைட்டுல வந்த பணிப்பெண் இறங்கி வந்து காலி பிளாஸ்க்கை நீட்டுச்சு. பைலட்டுக்கு வைச்சிருந்த காபியாம். உள்ளே ஆளுங்க பயந்து நடுங்கினதுல எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு வாயா ஊத்திருச்சாம், இங்க எதாவது கிடைக்குமான்னு கேட்டுச்சு. இங்க ஏது கடை? என் டீயைத்தான் ஊத்திக் கொடுத்தேன்."

"சட்டையை மாட்டுங்க," என்றார் உரைகல். "கீழே வரணும்."

"எதுக்கு? போன்ல சொன்னா போதாதா?"

"போன்ல இன்னைக்கு நிறைய பேர் நிறைய சொல்லிட்டாங்க. நீங்க ஆளா வாங்க."

கார் இறங்கியது. பாதி மலை வரை விசில் ஸ்டியரிங்கில் விரலால் தட்டித் தட்டி ஏதோ கணக்குப் போட்டாள்.

"அண்ணே."

"ம்."

"பத்தேகாலுக்குத்தான் பிளைட்டு இறங்குச்சுன்னா..." விழுங்கினாள். "ஒன்பதே முக்காலுக்கு அந்த அண்ணன்காரர் ஏர்போர்ட்ல யாரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு?"

உரைகல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தங்கையின் தோளை விட்டு எடுக்காத அந்தக் கை அவர் நினைவுக்கு வந்தது.

"வேகமா போ," என்றார்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்து வாடை. மருமகனின் கையில் களிம்பு தடவிக் கட்டுப் போட்டாயிற்று. கட்டுக்கு மேல் விலங்கு. பக்கத்து பெஞ்சில் மனைவியும், அவள் தோளில் கை போட்டபடி அண்ணனும். அவசர சிகிச்சை அறையின் கதவு மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"கிளம்பறோம் பெரியவரே. ஏதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணும் பெரிசா இல்லை," என்றார் உரைகல். டிரைவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தம்பி, உங்ககிட்ட ஒரு சின்ன விஷயம். காலையில ஏர்போர்ட்ல ரொம்ப நேரம் காத்திருந்தீங்களோ?"

"இல்லைங்க. கரெக்ட் டைமுக்கு வந்துருச்சு."

"மலை மேல மேகமா இருந்துச்சாமே?"

"யார் சொன்னது? நல்ல வெயில். பிளைட் இறங்கறதை நானே நின்னு பார்த்தேன். வெள்ளையா, பளபளன்னு."

"டாக்சியெல்லாம் நின்னுதா?"

"நாலஞ்சு நின்னுது."

"மாப்பிள்ளை சிரிச்ச முகமா வந்தாரா?"

"ஏதோ யோசனையா வந்தார். அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

உரைகல் தலையாட்டினார். "இன்ஸ்பெக்டர் சார், கேட்டுக்கிட்டீங்களா? விசிலு, அவரை உள்ளே கூப்பிடு."

டேங்கர் டிரைவர் வந்தார். கேட்டதைச் சொன்னார். மேகம், சுற்றல், மாத்திரை, தூக்கு, பிளாஸ்க். இன்ஸ்பெக்டர் தன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நேரம்... நான் நேரத்தைச் சரியா பார்க்கலை," என்றார் அண்ணன். "கொஞ்சம் லேட்டாக்கூட வந்திருக்கும். இப்ப ஞாபகம் வருது."

"லேட்டா வந்ததுன்னா, பத்து மணி சண்டைச் சத்தம் கேட்டப்போ உங்க மாப்பிள்ளை ஆகாயத்துல இருந்தார். சீக்கிரம் வந்ததுன்னா நீங்க சொல்றது பொய். எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் போங்க தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே இடத்துக்குத்தான் போகுது." உரைகல் எழுந்தார். "மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர அப்பா உங்களைத்தான் அனுப்பினார். நீங்க போகலை. பட்டறைக்குப் போனீங்க. கைப்பேசியில இருக்கிற நேரத்தை நம்பி மிச்சக் கதையைக் கட்டினீங்க."

"ஆதாரம் இல்லாம பேசாதீங்க!"

"சாக்ஸ் போட்ட இடது கால்ல செருப்பை ஏன் பின்வார் போடாம மாட்டியிருக்கீங்க? நான் வந்ததுல இருந்து அந்தக் காலை முழுசா ஊனாமத்தான் உட்கார்ந்திருக்கீங்க. வெந்நீர் கெட்டில் கீழே கவுந்தா கையில படாது தம்பி. காலுலதான் படும். சாக்ஸைக் கழட்டுங்க."

அண்ணன் கழற்றவில்லை. கழற்ற வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அவர் அந்தக் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணனின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து, பெஞ்சின் மேல் வைத்தாள். ஏதோ வேறு யாருடைய சாமானையோ வைப்பது போல.

"அண்ணா."

"நான் அடிக்கலை பாப்பா. சத்தியமா அடிக்கலை. இருபது வருஷம் கிரீஸ் கையோட அங்க நின்னவன் நான். நேத்து வந்தவனைக் கூட்டிட்டு வான்னு என்னையே அனுப்பறார். சட்டையைப் பிடிச்சார், உதறினேன். மேசையில மோதிட்டார்."

"அப்ப மூச்சு இருந்துச்சா?"

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்தும் கதவைச் சாத்திட்டுப் போனியா?"

விசில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அண்ணனின் பின்னால் வந்து நின்றார்.

அவசர சிகிச்சை அறையின் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். "பெரியவருக்கு உடனே ஆபரேஷன் பண்ணணும். டாக்டர் பேசணுங்கறார். பேஷண்ட்டோட மகன் யாரு?"

பழக்கத்தில் அண்ணன் எழுந்துவிட்டார். ஓரடிகூட வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் கை அவர் தோளில் விழுந்தது.

நர்ஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். உரைகல்லுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை. புருஷனை மீட்டுத் தா என்று வந்தவளுக்கு அவர் மீட்டுக் கொடுத்திருந்தார். கூடவே என்ன எடுத்துக்கொண்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"மகன் வர முடியாது," என்றாள் நர்ஸிடம். "நானும் எங்க வீட்டுக்காரரும் வர்றோம்."

பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "அவர் விலங்கை அவுத்து விடுங்க சார். அப்பா காத்திருக்கார்."